பை எடுத்த இடத்துப் புண்

வயிற்றின்மேல் பை ஒட்டிக்கொண்டு சில மாதங்களைக் கழித்துவிட்ட ஒருவர், அந்தப் பையை எடுப்பதற்கான இரண்டாவது ரண சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது என்ற செய்தியை வீட்டாரிடம் சொல்லும்போது, பெரிய கண்டம் தாண்டியாகிவிட்டது, இனி இருப்பது சில்லறை வேலைதான் என்ற தொனி அவர் குரலில் இருப்பது இயல்பே. முதல் சிகிச்சை பெரும்பாலும் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்த வேளையில், உறவினர்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கைகூப்பி நின்ற இரவொன்றில் நடந்தது. இரண்டாவதோ நாள் பார்த்து, சௌகரியம் பார்த்து, சுகரும் இரத்தமும் பரிசோதித்து, நிதானமாக நடப்பது. ஆயினும் ரணம் ஆறுகிற கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தால், திட்டமிட்டுச் செய்யப்படும் வயிற்றுச் சிகிச்சைகளுள் இந்தச் சில்லறை வேலையின் அளவுக்கு அடிக்கடிச் சீழ் பிடிப்பவை குறைவு. குடலை உள்ளே வைத்து, தோலின் இரு ஓரங்களையும் நேர்கோடாக இழுத்துத் தைத்துவிட்ட நோயாளிகளுள் மூவரில் ஒருவருக்கு மேல் தையல் பழுத்ததாகக் காட்டும் ஆராய்ச்சிகள் உண்டு. அந்தப் பழுதுக்குக் காரணம் என்ன, அதைத் தவிர்ப்பதற்கு உலகம் கண்டறிந்த உபாயங்கள் யாவை, அவற்றுள் தாம்பரம் குரோம்பேட்டைப் பக்கத்து வீடுகளுக்குச் செல்லுபடியாகக்கூடியவை எவை என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

குடலின் ஒரு பகுதியை வயிற்றுச் சுவரின் வழியே வெளியே கொணர்ந்து, அதன் வாயைத் தோலோடு தைத்து, மலம் அந்த வழியாகப் பைக்குள் இறங்கும்படி செய்வதை மருத்துவர்கள் ஸ்டோமா என்பார்கள்; சிறுகுடலானால் ஐலியாஸ்டமி, பெருங்குடலானால் கொலாஸ்டமி. மலக்குடல் புற்றுநோயில் கட்டியை வெட்டி எடுத்துவிட்டுக் குடலை இணைத்த இடம் ஆறும்வரை மலம் அவ்வழியே போகாதிருக்க வேண்டும் என்பதற்காகச் சிலருக்கு இது வைக்கப்படுகிறது. ஜி.எஸ்.டி. சாலை விபத்தில் குடல் கிழிந்தவர்களுக்குச் சில சமயம் வேண்டியிருக்கிறது. மேல்நாட்டுப் பாடப்புத்தகங்களில் சில வரிகளோடு முடிந்துபோகும் இரண்டு காரணங்கள் நம் நாட்டில் இன்னும் உயிரோடு இருக்கின்றன: டைபாய்டு காய்ச்சலின் மூன்றாவது வாரத்தில் சிறுகுடலில் விழும் ஓட்டை ஒன்று; குடலைப் பற்றும் க்ஷயரோகம் மற்றொன்று.

க்ஷயரோகத்தின் சரித்திரம் தாம்பரத்துக்காரர்களுக்கு ஒருவகையில் சொந்த ஊர்ச் சரித்திரமே. கடற்கரையிலிருந்து வரும் மின்சார ரயிலில் குரோம்பேட்டையை அடுத்து 'சானடோரியம்' என்று ஒரு நிலையம் வருகிறது. அங்கே ஏறி இறங்கும் ஆயிரக்கணக்கானவர்களில் அந்தப் பெயர் ஒரு நோய்க்காக ஏற்பட்டது என்று நினைத்துப் பார்ப்பவர்கள் வெகு சிலர். இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் க்ஷயரோக ஆரோக்கிய நிலையம் நடத்தியவரும், அங்கே கணித மேதை ராமானுஜனுக்கே சிகிச்சை அளித்தவருமான டாக்டர் டேவிட் சௌரி முத்து, தாயகம் திரும்பி 1928-ல் தாம்பரத்தில் நிறுவிய ஸ்தாபனம் அது. 1937-ல் சென்னை மாகாண அரசு அதை ஏற்றுக்கொண்டது. க்ஷயத்துக்கு மருந்தே இல்லாத அக்காலத்தில், நல்ல காற்று, போஷாக்கான ஆகாரம், ஓய்வு என்ற மூன்றைத்தான் இத்தகைய நிலையங்கள் நம்பியிருந்தன. நுரையீரல் நோயாளி தன் சளியைத் தானே விழுங்கும்போது கிருமி குடலுக்குப் போய், சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் குடியேறுவது அன்றும் நடந்தது, இன்றும் நடக்கிறது. அவ்விடம் சுருங்கி அடைத்தாலோ ஓட்டை விழுந்தாலோ குடலை வெட்டவும், சிலருக்குப் பை வைக்கவும் நேர்கிறது. இப்படிப்பட்டவர் மெலிந்த உடம்போடு வருகிறவர். மெலிந்த உடம்பில் புண் ஆறுவது தாமதம் என்பதால், சௌரி முத்துவின் காலத்து 'ஆகாரம்' என்ற சொல்லுக்கு நாம் பின்னர் திரும்பவேண்டியிருக்கும்.

இனி, புண்ணின் சுபாவத்தைப் பார்ப்போம். பிற ரண சிகிச்சைகள் பெரும்பாலானவற்றில் மருத்துவர் வெட்டுவது ஆரோக்கியமான, சற்றுமுன் சுத்தம் செய்யப்பட்ட தோலை. இங்கேயோ அவர் வெட்டுகிற விளிம்பு, மாதக்கணக்கில் இரவும் பகலும் மலத்தோடு உறவாடிய விளிம்பு. மருந்து தடவி எவ்வளவு தேய்த்தாலும் அதன் மயிர்க்கால்களிலும் நுண்ணிய வெடிப்புகளிலும் குடியிருக்கும் கிருமிகளை முற்றாக அகற்றுவது சாத்தியமன்று. குடலை விடுவித்து உள்ளே அனுப்பியதும் எஞ்சுவது ஏறத்தாழ வட்டமான ஒரு குழி; அதன் அடியில் தசையை மூடும் உறை, சுற்றிலும் இரத்த ஓட்டம் குறைந்த கொழுப்பு. இந்த வட்டத்தை நீள்வாட்டில் இழுத்து நேர்கோடாகத் தைக்கும்போது மேலே தோல் அழகாகச் சேர்ந்துவிடுகிறது. கீழேயோ கொழுப்புக்கும் உறைக்கும் நடுவே ஒரு வெற்றிடம் நிற்கிறது. அதில் நிணநீரும் கசியும் இரத்தமும் தேங்குகின்றன. தேங்கிய நீருக்கு உடம்பின் வெப்பம் இருக்கிறது, கிருமிகளுக்கு வேண்டிய புரதம் இருக்கிறது, வெளியேற வழி மட்டும் இல்லை. ஐந்தாம் நாளோ ஏழாம் நாளோ வீட்டில் இருக்கையில் தையலைச் சுற்றிச் சிவந்து, வலித்து, காய்ச்சல் எட்டிப் பார்க்கிறது. ஒரு தையலைப் பிரித்தவுடன் சீழ் பீறிட்டு வருகிறது.

தையல் நூலே இதில் பங்காளி என்பதை லண்டனில் எலெக் என்ற கிருமி நூல் வல்லுநர் 1957-ல் வெளியிட்ட சோதனைகள் காட்டின. தாமாக முன்வந்தவர்களின் தோலில் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகளைச் செலுத்திப் பார்த்ததில், சீழ்க்கட்டி உண்டாக்கப் பத்து லட்சங்களில் கிருமிகள் தேவைப்பட்டன. அதே தோலில் ஒரு பட்டு நூலிழை இருந்தபோது சில நூறு கிருமிகளே போதுமானதாயின. தையல் என்பது காயத்தை மூடும் கருவி என்ற அளவில் நன்மை. அதே தையல் உடம்புக்கு அந்நிய வஸ்து என்ற அளவில், கிருமி ஒளிந்துகொள்ள இடம் கொடுப்பது. அழுக்கான இடத்தில் எத்தனை தையல் குறைவோ அத்தனை நல்லது என்ற முடிவுக்கு இங்கேயே வந்துவிடலாம்.

அப்படியானால் தைக்காமலே விட்டுவிட்டால் என்ன? பல காலம் பல மருத்துவர்கள் அப்படித்தான் செய்தார்கள். உறையை மட்டும் தைத்துவிட்டு, தோலைத் திறந்தபடி விட்டு, குழியில் துணித்திரி அடைத்து, தினமும் மாற்றிவந்தால் அடியிலிருந்து சதை வளர்ந்து குழி நிரம்பும். சீழ் பிடிப்பது மிகக் குறைந்தது உண்மை. ஆனால் ஒரு குழியை அடியிலிருந்து சதையால் நிரப்ப உடம்புக்குப் பல வாரங்கள் வேண்டும், ஒவ்வொரு நாளும் அந்தத் திரியை உருவி எடுக்கும்போது நோயாளி பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும். ஆகவே ஒரு பக்கம் அழகான தையலும் சீழும், மறுபக்கம் திறந்த குழியும் நீண்ட வேதனையும் என்று அறுவை மருத்துவர்கள் இரு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள்.

1997-ல் பானர்ஜி என்ற அறுவை மருத்துவர் ஒரு சிறு கட்டுரையில் வெளியிட்ட யோசனை, இவ்விரண்டுக்கும் நடுவே இருந்த இடத்தைக் கண்டுபிடித்தது. வட்டமான புண்ணை எதற்காக நேர்கோடாக்க வேண்டும்? பாட்டிமார் இடுப்பில் செருகி வைத்திருக்கும் சுருக்குப் பையின் வாயைச் சுற்றி ஓடும் கயிற்றை இழுத்தால் வாய் எல்லாப் பக்கமிருந்தும் சமமாக ஒடுங்குகிறதல்லவா? அதேபோலத் தோலின் உட்பகுதியைச் சுற்றி ஒரே நூலை ஓட்டி, மெதுவாக இழுத்து முடிச்சிட்டால், நான்கு விரல் அகலமான குழி சுண்டுவிரல் நுனி நுழையக்கூடிய ஒரு துவாரமாக ஒடுங்கிவிடும். அந்தத் துவாரத்தை வேண்டுமென்றே மூடாமல் விடவேண்டும். உள்ளே தேங்குவது அதன் வழியே வடிந்துவிடும். பிறகு காயத்துக்கு இயல்பாகவே உள்ள சுருங்கும் சக்தி, அதாவது புது சதைக்குள் தோன்றும் தசைத்தன்மை கொண்ட ஒருவகைச் செல்கள் ஓரங்களை இழுக்கும் சக்தி, மீதி வேலையை மூன்று நான்கு வாரங்களில் முடித்துவிடும். இறுதியில் மிஞ்சுவது இரண்டாவது தொப்புள் என்று சொல்லத்தக்க ஒரு சிறு குழித்தழும்பு.

இந்த வேலை ஆபரேஷன் தியேட்டரில் எப்படி நடக்கிறது என்பதைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது நல்லது, ஏனெனில் சீழைத் தடுக்கும் செயல்களில் பாதி அந்த ஒரு மணி நேரத்திற்குள் அடங்கியிருக்கின்றன. நோயாளி மயக்கத்தில் ஆழ்ந்ததும், வெளியே சிவந்து நீட்டிக்கொண்டிருக்கும் குடல்வாயை முதலில் ஒரு தடித்த நூலால் தற்காலிகமாகத் தைத்து அடைத்துவிடுகிறார்கள். இல்லாவிட்டால் வேலையின் நடுவே அது மலத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். பிறகு குடலும் தோலும் சேரும் கோட்டிற்கு ஓரிரு மில்லிமீட்டர் வெளியே, தோலை அதிகம் வீணாக்காமல், வட்டமாகக் கத்தி ஓடுகிறது. கொழுப்பிலிருந்தும் தசையிலிருந்தும் குடலைப் பிரிப்பதுதான் பொறுமை வேண்டிய கட்டம். அவசரப்பட்டால் குடல்சுவர் கிழியும், கிழிந்தால் அதுவரை காத்த சுத்தம் அந்தக் கணத்தில் போயிற்று. விரல் முழுச்சுற்றும் தடையின்றிச் சுற்றிவந்ததும் குடல்வளையத்தை வெளியே இழுத்து, தடித்துப்போன விளிம்பை வெட்டி நீக்கி, நூலாலோ ஸ்டேப்ளராலோ இரு முனைகளையும் இணைத்து, வயிற்றுக்குள் நழுவ விடுகிறார்கள். அடுத்தாற்போல் உறையின் தையல். அதன்பின், நல்ல தியேட்டரில், எல்லோரும் ஒரு நிமிஷம் நிற்கிறார்கள்: குடலைத் தொட்ட கையுறைகள் கழற்றப்படுகின்றன, குடலைத் தொட்ட கருவிகள் ஒதுக்கப்படுகின்றன, புதிய கையுறையும் புதிய கருவித்தட்டும் வருகின்றன. குழியை உப்புநீர் விட்டுக் கழுவிய பின்னரே அந்தச் சுருக்குத் தையல்.

கையுறையை மாற்றுவது அற்ப விஷயம் என்று தோன்றலாம். அதை அற்பமென்று கருதாமல் கணக்கெடுத்துப் பார்த்தவர்கள் உண்டு. இந்தியா உள்ளிட்ட ஏழு நாடுகளில் 81 ஆஸ்பத்திரிகளில் 13,301 நோயாளிகளைக் கொண்டு நடந்து, 2022-ல் லான்செட் பத்திரிகையில் வெளிவந்த 'சீட்டா' என்னும் பரிசோதனையில், வயிற்றை மூடுமுன் கையுறையையும் கருவிகளையும் மாற்றிய இடங்களில் ரணக் கிருமித்தொற்று 16.0 சதவீதம், பழைய வழக்கப்படி நடந்த இடங்களில் 18.9 சதவீதம். நூறு பேருக்கு மூன்று பேர் என்ற இந்த வித்தியாசம் சிறிதாகத் தெரியலாம். ஆனால் செலவு சில ஜோடிக் கையுறைகளும் ஒரு தட்டுக் கருவிகளும்தான். அதற்கு முந்தைய ஆண்டில், அதே ஆராய்ச்சிக் குழு 5,788 நோயாளிகளிடம் நடத்திய 'ஃபால்கன்' பரிசோதனையோ இதற்கு நேர் எதிரான பாடம் சொல்லிற்று. அயோடின் கரைசலுக்குப் பதில் விலை கூடுதலான குளோர்ஹெக்ஸிடின் கலந்த ஆல்கஹால், சாதாரண நூலுக்குப் பதில் கிருமிநாசினி பூசிய நூல் என்ற இரண்டையும் சோதித்ததில், குறிப்பிடத்தக்க பலன் இரண்டிலும் தென்படவில்லை. விலையுயர்ந்த நூல் தோற்று, புதிய கையுறை ஜெயித்தது எனக்கு ஒருவகையில் திருப்தியளிக்கும் செய்தி. அரசு ஆஸ்பத்திரியின் ஸ்டோர் ரூமில் கிடைக்காத பொருளை நம்பி நம் நோயாளிகள் இருக்கவேண்டியதில்லை.

சுருக்குத் தையலின் பலனும் வெறும் நம்பிக்கையாக விடப்படவில்லை. ஆஸ்திரேலியாவில் 61 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி நடத்தி 2010-ல் வெளியான பரிசோதனையில், நேர்த்தையல் இட்ட 31 பேரில் 12 பேருக்குத் தொற்று கண்டது. சுருக்குத் தையல் இட்ட 30 பேரில் இருவருக்கு மட்டுமே. 2013-ல் மெக்ஸிகோவிலிருந்து வந்த முடிவு இன்னும் அழுத்தமானது: நேர்த்தையலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், சுருக்கில் ஒருவரும் இல்லை. இவை சிறிய பரிசோதனைகள் என்பதும், எந்தத் தையல் என்பதை நோயாளியிடமிருந்தும் பரிசோதகரிடமிருந்தும் மறைக்க வழியில்லை என்பதும் உண்மையே. எனினும் வெவ்வேறு தேசங்களில் வெவ்வேறு கைகள் செய்தும் முடிவு ஒரே திசையில் சாய்வதை அலட்சியம் செய்ய முடியாது. ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். நேர்த்தையல் பழுக்காமல் ஆறினால் பத்து நாளில் விஷயம் முடிந்தது. சுருக்குத் தையலில் யாராயிருந்தாலும் சில வாரங்கள் டிரெஸ்ஸிங் உண்டு. இதை முன்கூட்டிச் சொல்லாத மருத்துவர், வீட்டுக்குப் போன நோயாளி துவாரத்தைக் கண்டு, தையல் விட்டுப்போயிற்று என்று பதறி ஆட்டோ பிடித்து ஓடிவருவதற்குத் தாமே பொறுப்பாளி.

கிருமிக்கொல்லி மருந்தைப் பற்றி நம் ஊரில் நிலவும் எண்ணத்தையும் இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் ஜான் பர்க் 1961-ல் கினிப்பன்றிகளிடம் செய்த சோதனை, மருந்து கத்தி படுவதற்கு முன்பே இரத்தத்தில் இருந்தால்தான் பயன், கிருமி புகுந்து மூன்று மணி நேரம் கழிந்தபின் கொடுத்தால் கொடுக்காததற்குச் சமம் என்று காட்டிற்று. உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட நெறிமுறைகளும், கீறலுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்கும்படியும், சிகிச்சை முடிந்தபின் தொற்றைத் தடுக்கும் நோக்கத்தோடு அதை நீட்டிக்க வேண்டாம் என்றும் சொல்கின்றன. நாமோ ஐந்து நாள், ஏழு நாள் ஊசி போட்டால்தான் வைத்தியம் சரியாக நடக்கிறது என்று நினைக்கிறோம். ஊசியை நிறுத்திய மருத்துவரைக் கஞ்சன் என்றுகூடச் சந்தேகிக்கிறோம்.

இந்தப் பழக்கத்தின் விலை என்ன என்பது தாம்பரத்திலிருந்து அதிக தூரமில்லாத தரமணியில்தான் தெரியவந்தது. அங்குள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக இருந்து, 2010-ல் லான்செட் குடும்பத்துத் தொற்றுநோய்ப் பத்திரிகையில் வெளிவந்த ஆய்வு, கடைசி அஸ்திரமாக வைத்திருக்கும் கார்பாபெனம் வகை மருந்துகளையும் செல்லாக்காசாக்கும் என்.டி.எம்.-1 என்ற நொதியைத் தாங்கிய கிருமிகளைச் சென்னையில் 44 மாதிரிகளில் கண்டதாகத் தெரிவித்தது. அவை பெரும்பாலும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா முதலானவை, அதாவது நம் குடலுக்குள்ளேயே வாழ்கிறவை. பை எடுத்த இடத்துக் குழியில் கசிவதும் குடல் கிருமிகளே. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 2012-ல், கிருமிக்கொல்லிகளைக் கட்டுப்பாடாக உபயோகிக்க வேண்டும் என்று மருத்துவர் சங்கங்கள் கூடி வெளியிட்ட அறிக்கைக்குச் 'சென்னைப் பிரகடனம்' என்றே பெயர். எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமி குழியில் பழுத்தால் ஊசி மருந்து கைகொடுக்காமல் போகலாம். சீழ் வெளியேற ஒரு வழி இருப்பதோ எந்தக் கிருமிக்கும் பொருந்தும் பரிகாரம். சுருக்குத் தையலின் துவாரத்தை நான் இத்தனை வற்புறுத்துவதற்கு அதுவே முக்கிய காரணம்.

தியேட்டருக்கு வெளியே நடப்பதும் அதே அளவு முக்கியமானது. பை வைத்த நாளுக்கும் எடுக்கும் நாளுக்கும் இடையே பொதுவாக இரண்டு மூன்று மாதங்களாவது உண்டு. கீமோதெரபி நடப்பவர்களுக்கு இன்னும் அதிகம். அந்த இடைக்காலத்தை வெறும் காத்திருப்பாகக் கழிப்பவர்களே அதிகம், ஆனால் புண்ணின் விதி பாதி எழுதப்படுவது அப்போதுதான். சிறுகுடலிலிருந்து வரும் திரவத்தில் ஜீரண நொதிகள் இருப்பதால், பையின் வளையம் சரியாகப் பொருந்தாமல் கசிந்தால் சுற்றிலும் தோல் வெந்துபோகும்; வெந்த தோலை வெட்டித் தைத்தால் அது ஆறுவது எங்ஙனம்? வளையத்தின் துவாரத்தை ஸ்டோமாவின் அளவுக்கே, சிறிது இடைவெளி மட்டும் விட்டு, வெட்டிக்கொள்ளக் கற்றுக்கொடுக்கும் நர்ஸ் அந்த நோயாளிக்குப் பேருபகாரம் செய்தவர். அக்னி நட்சத்திர நாட்களில் ஐலியாஸ்டமி வழியே நீரும் உப்பும் போய்க்கொண்டே இருக்கையில், தாகத்துக்கு வெறும் தண்ணீரை மட்டும் செம்பு செம்பாகக் குடிப்பது உப்புச் சத்தை மேலும் கரைத்து வெளியேற்றும். உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் ஓ.ஆர்.எஸ். கரைசலும் அதைவிட எவ்வளவோ மேல்.

சர்க்கரை வியாதியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு அது இருப்பதாக 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கணக்கிட்டது, சென்னையின் புறநகர்களில் எந்தத் தெருவிலும் அது இல்லாத வீடுகளை எண்ணுவதுதான் சுலபம். இரத்தத்தில் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருக்கும்போது வெள்ளணுக்கள் கிருமியைப் பிடித்துக் கொல்லும் ஆற்றலை இழக்கின்றன. ஆகையால் பல மருத்துவர்கள் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையைப் பார்த்துவிட்டே தேதி தருகிறார்கள். 2021-ல் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்கள் வாசலுக்கே வந்து சர்க்கரை மாத்திரை தருகிற இக்காலத்தில் அதைச் சீராக்கிக்கொள்ளாமல் மேஜைக்குப் போவது நியாயமன்று. பீடி சிகரெட்டையும் குறைந்தது நான்கு வாரத்துக்கு முன் நிறுத்திவிட வேண்டும். சிகிச்சைக்கு முதல் நாள் இரவு பிளேடால் வயிற்று மயிரை மழித்துக்கொண்டு, அது சுத்தத்தின் சின்னம் என்று எண்ணி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; பிளேடு விடும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் இரவோடிரவாகக் கிருமி குடியேறும். மயிர் இடைஞ்சலாக இருந்தால் ஆஸ்பத்திரியில் கிளிப்பரால் கத்தரித்தால் போதும். குளிப்பது மட்டும் அவசியம்.

ஆகாரத்துக்குத் திரும்புகிறேன். தையல் போட்டவர் பருப்பு சாப்பிட்டால் சீழ் வைக்கும், முட்டையும் மீனும் புண்ணைக் கிளறிவிடும் என்று பத்தியம் பிடிக்கும் வீடுகள் நம் பக்கத்தில் இன்னும் உண்டு. மிளகு ரசமும் குழைந்த சோறுமாக மூன்று வாரம் ஓட்டிவிடுகிறார்கள். புதுச் சதை என்பது கொலாஜன் என்னும் புரதத்தால் ஆனது. புரதம் உள்ளே போகாமல் அது வெளியே எங்கிருந்து வளரும்? முதல் சிகிச்சையில் எடை இழந்தவருக்குப் பருப்பு, முட்டை, மீன், மோர், சுண்டல் ஆகியவற்றை, குடல் ஏற்றுக்கொள்ளும் அளவில், இரண்டாவது சிகிச்சைக்கு முன்பும் பின்பும் கொடுப்பதுதான் மருந்து. பத்தியத்தில் அன்பு இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த அன்பில் புரதம் இல்லை.

வீடு திரும்பிய பின் வரும் நாட்களே உண்மையான பரீட்சை. ரணத் தொற்றைக் கணக்கிடுவோர் முப்பது நாள்வரை நோயாளியைப் பின்தொடர்வதற்குக் காரணம், அதில் பெரும்பகுதி டிஸ்சார்ஜுக்குப் பிறகே தலைகாட்டுகிறது என்பதுதான். துவாரத்திலிருந்து முதல் சில நாட்கள் இளஞ்சிவப்பான நீர் கசிந்து பஞ்சை நனைப்பது எதிர்பார்த்ததே. அது நின்றுபோகவேண்டும் என்று மேலே இறுக்கி ஒட்டி அடைப்பது, விட்ட வழியை நாமே மூடுவதாகும். மஞ்சள் தூள், காப்பித் தூள், தேங்காயெண்ணெய் எதுவும் அதற்குள் போகக்கூடாது. தினமும் கழுவ வேண்டும், கழுவுகிற தண்ணீர் குடிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும். போர் தண்ணீரையும் டேங்கர் லாரித் தண்ணீரையும் நம்பியிருக்கும் சேலையூர், மேடவாக்கம், முடிச்சூர்ப் பகுதிகளில் அது காய்ச்சி ஆறவைத்த நீராக இருக்கட்டும். கழுவிய பின் சுத்தமான துணியால் ஒற்றி, லேசாகப் பஞ்சு வைத்தால் முடிந்தது. அக்கம்பக்கத்து டிரெஸ்ஸிங் அறைக்கு நடந்துபோக முடியாதவருக்கு, வீட்டில் ஒருவர் சோப்பால் கைகழுவிவிட்டுச் செய்யும் இவ்வளவும் தாராளமாகப் போதும்.

காய்ச்சல், பரவும் சிவப்பு, நாற்றம் வீசும் சீழ் ஆகியவை கண்டால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். துவாரத்தில் மலமோ பித்தநீரோ தெரிந்தால், உள்ளே குடல் இணைத்த இடம் விட்டிருக்கலாம் என்பதால், அந்த நிமிஷமே. புண்ணைப் பேணுவதில் பருவகாலத்தின் பங்கையும் நம் பகுதிக்காரர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்வது விவேகம். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளின் முதல் மாடியை எட்டிப் பிடிக்க, ஜனங்கள் படகுகளில் மீட்கப்பட்டார்கள். நாள் குறிப்பது நம் கையில் இருக்கிற ஒரு சிகிச்சையை, தாழ்வான பகுதியில் வசிப்பவர், வடகிழக்குப் பருவமழையின் உச்சத்துக்குச் சற்று முன்போ பின்போ வைத்துக்கொள்ள முடியுமா என்று மருத்துவரைக் கேட்பதில் தவறில்லை. திறந்த புண்ணோடு முழங்கால் அளவு சாக்கடை நீரில் இறங்குவதைவிட இரண்டு மாதம் கூடுதலாகப் பை வைத்திருப்பது எளிது.

தோல் ஆறிய பின்னும் தொடரும் ஒரு தொல்லை உண்டு. உறையைத் தைத்த இடம் பலவீனமானால், மாதங்கள் கழித்து அவ்விடம் புடைத்து ஹெர்னியா ஆகிறது. புண் பழுத்தவர்களுக்கு இந்த அபாயம் கூடுதல். ஐரோப்பாவில் 37 ஆஸ்பத்திரிகளில் 790 நோயாளிகளிடம் நடந்து 2020-ல் வெளியான பரிசோதனையில், உறையை மூடும்போது விலங்குத் தோலிலிருந்து தயாரித்த ஒரு வலையை உள்ளே வைத்துத் தைத்தவர்களில், இரண்டாண்டு முடிவில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கும், வைக்காதவர்களில் நூற்றுக்கு இருபது பேருக்கும் ஹெர்னியா தென்பட்டது. பலன் தெளிவானது; வலையின் விலையோ நம் நோயாளிகளில் பெரும்பாலோர் எண்ணிப் பார்க்கக்கூடியதன்று. ஆகவே நம் ஊரில் மருத்துவர்கள் உறையின் ஓரங்களை வீணாக்காமல், இழுவையின்றி, நின்று கரையும் நூலால் கவனமாகத் தைப்பதையும், நோயாளிகள் ஆறு வாரம் முதல் மூன்று மாதம்வரை கனமான எதையும் தூக்காதிருப்பதையுமே நம்பியிருக்க வேண்டியிருக்கிறது. லிஃப்ட் இல்லாத மூன்று மாடி அடுக்கு வீட்டில், மோட்டார் ஓடாத நாளில் கீழிருந்து குடத்தில் தண்ணீர் சுமப்பவர் யார் என்ற கேள்வியை, டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே வீட்டார் பேசித் தீர்த்துக்கொள்வது உசிதம். அந்த மூன்று மாதமும் கேஸ் சிலிண்டரையும் அவர் நகர்த்தக்கூடாது.